நம் கடற்கரையில் பதின்மூன்று மாதங்கள்



சென்ற டிசம்பரில் நம் லாபியில் வைத்த கிறிஸ்துமஸ் குடில் உங்களுக்கு நினைவிருக்கும். அதை ஒட்டி நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் நடந்த பேச்சும் நினைவிருக்கும். அதைக் கிளற நான் வரவில்லை. அந்த வாரத்தில் ஒரு மாலை, பி பிளாக் சிறுமி ஒருத்தி குடிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள்: “அங்கிள், இதை முதல்ல யாரு வெச்சாங்க? அதுல எதுக்கு மாடு?”

எனக்கு அரைகுறையாகத்தான் பதில் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குடிலை முதலில் வைத்தவர் இத்தாலிக்காரர். ஆனால் அவர் தொடங்கிய சபையைச் சேர்ந்த ஒரு துறவி, ஏறக்குறைய 730 ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கே வந்து, 13 மாதம் தங்கி, இங்கே பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறார். செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ வார இறுதியைக் கழிக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கதை என்று தோன்றியது. அதனால்தான் இந்த இதழில் பல்லவர்களுக்கு விடுமுறை.

வைக்கோலும் மாடும்

முதலில் சிறுமியின் கேள்வி. இத்தாலியில் அசிசி என்ற ஊரில் துணி வணிகர் ஒருவரின் மகன் பிரான்சிஸ். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் “அஞ்சு காயத்துப் பிராஞ்சீஸ்கு” என்று சொல்வது இவரைத்தான். சொத்தைத் துறந்து, தோழர்கள் சிலரோடு பிச்சையெடுத்து உண்டு, ஊர் ஊராக நடந்து பேசினார். 1209-ஐ ஒட்டிப் போப்பாண்டவர் அதற்கு வாய்மொழியாக அனுமதி தந்தார். 1216-இல் தோமினிக் என்பவரின் சபைக்கும் ஒப்புதல் கிடைத்தது. நம்மூரில் அவருக்குப் பெயர் சாமிநாதர்.

அதுவரை இருந்த மடத்துத் துறவிகளுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மடத்துக்காரர்களுக்கு மதிலும் நிலமும் விளைச்சலும் இருந்தன. இவர்கள் சந்தை நடுவில் இருந்தார்கள். ஜனங்கள் பேசும் மொழியில், கதை சொல்லி, சிரிக்க வைத்து, அழ வைத்துப் பிரசங்கம் செய்தார்கள். இவர்களுக்கு வழங்கிய பெயரே “சகோதரர்” என்பதுதான்.

1223 கிறிஸ்துமஸுக்கு கிரேச்சோ என்ற மலையூரில் பிரான்சிஸ் ஒரு காரியம் செய்தார். அவ்வூர் நண்பர் ஒருவரிடம் சொல்லி வைக்கோலும் தீவனத் தொட்டியும் கொண்டு வரச் செய்தார். மாடும் கழுதையும் உயிரோடு வந்து நின்றன. பொம்மைகள் கிடையாது. ஊர்க்காரர்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தொட்டிக்கு மேலேயே பூசை நடந்தது. இலத்தீன் மொழியில் நடக்கும் பூசை அந்த விவசாயிகளுக்கு அதிகம் புரிந்திருக்காது. தொழுவம் புரிந்தது. மாடு எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். பார்க்க வந்தவர்கள் மாடு வைத்திருந்தவர்கள்.

எழுபத்தாறு முறை

அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்த துறவிகள் நாளுக்குப் பல வேளை சங்கீதங்களைப் புத்தகத்தில் பார்த்து ஓதுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? பிரான்சிஸ் 1223-இல் எழுதிய விதிமுறையில் அதற்கு வழி இருக்கிறது. இயேசு கற்றுக்கொடுத்த செபத்தை நள்ளிரவு வேளைக்கு 24 முறை, விடியலுக்கு 5, பகலின் நான்கு வேளைகளுக்குத் தலா 7, மாலைக்கு 12, படுக்கப் போகும் முன் 7 என்று சொன்னால் போதும். கூட்டிப் பாருங்கள், 76 வரும். எண்ணிக்கை தவறாமலிருக்கக் கயிற்றில் முடிச்சோ மணியோ வேண்டும். 108 உருத்திராட்ச மணிகளையோ துளசி மணிகளையோ வைத்து எண்ணிய பாட்டி நம் வீடுகளிலும் இருந்தாரே.

செபமாலையை வீட்டுக்கு வீடு பரப்பியவர்கள் சாமிநாதர் சபையார். 1475-இல் கொலோன் நகரில் அவர்கள் தொடங்கிய செபமாலைச் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சந்தா கிடையாது. நம் பொருளாளர் கவனிக்க.

கல்யாணமாகி, கடை வைத்து, பிள்ளைகுட்டியோடு இருப்பவர்களுக்கும் பிரான்சிஸ் சபையில் இடம் இருந்தது. அவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, எளிய உடை உடுத்தி, நோன்பிருந்து, வேளை தவறாமல் செபித்து, நோயாளிகளைப் பார்க்கப் போவார்கள். “மூன்றாம் சபை” என்று பெயர். இதற்கான விதிமுறைக்கு 1289-இல் போப் நான்காம் நிக்கோலாஸ் முறையான ஒப்புதல் தந்தார். அதே 1289-இல் அதே போப், தன் சபைத் துறவி ஒருவரைக் கையில் கடிதங்களோடு கிழக்கே அனுப்பினார். அவர்தான் நம் கதையின் நாயகர்: மோன்டேகோர்வினோ ஊர் ஜான்.

மாபார் கரை

ஜான் 1291-இல் பாரசீகத்தின் தப்ரீஸ் நகரிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பினார். வயது நாற்பத்து நான்கு இருக்கும். கூட வந்தவர்களில் ஒருவர் பிஸ்தோயா ஊர் நிக்கோலாஸ், சாமிநாதர் சபைத் துறவி. இன்னொருவர் பீட்டர் என்ற இத்தாலிய வணிகர்.

அப்போது நம் பக்கம் எப்படி இருந்தது? சோழர் ஆட்சி 1279 வாக்கில் முடிந்திருந்தது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் கை ஓங்கியிருந்தது. அரபு வணிகர்கள் இந்தக் கிழக்குக் கரையை “மாபார்” என்று அழைத்தார்கள். ஐரோப்பியரும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வருபவர் குமரிமுனையைச் சுற்றி வடக்கே ஏறி வர வேண்டும். அப்படி வந்தால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கண்ணில் படாமல் மயிலாப்பூரை அடைய முடியாது. அந்தக் கோயிலுக்கு அப்போதே ஏறக்குறைய 600 வயது. அங்கிருந்து மயிலாப்பூர் சுமார் 55 கிலோமீட்டர். நாம் ஈ.சி.ஆரில் காரில் போகும் அதே தூரம்.

மயிலாப்பூரில் அவர்களுக்கு என்ன வேலை? இயேசுவின் சீடர் தோமையார் இங்கே வந்து போதித்து, இங்கேயே கொல்லப்பட்டு அடக்கமானார் என்பது பழைய மரபு. பரங்கிமலையில் இருக்கும் கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து பொறித்திருக்கிறது. போர்த்துக்கீசியர் 1547-இல் அங்கே கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்தது அது. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் வழிபட்டார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. ஐரோப்பியத் துறவிகள் வந்து இறங்கியபோது, அவர்களுக்கு முன்பே இங்கே சிலுவை நின்றுகொண்டிருந்தது.

ஜான் பின்னாளில் எழுதியபடி, தோமையார் கோயில் இருக்கும் நாட்டில் அவர் 13 மாதம் தங்கினார். வெவ்வேறு இடங்களில் சுமார் 100 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கூட வந்த நிக்கோலாஸ் இங்கேயே இறந்தார். அதே கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். மயிலாப்பூர்க் கடற்கரையில் ஓர் இத்தாலியத் துறவியை மண்ணில் வைத்துவிட்டு, ஜான் மறுபடி கப்பலேறிச் சீனாவுக்குப் போனார். இன்றைய சாந்தோம் பேராலயம் 1896-இல் கட்டி முடித்தது. அங்கே போனால், நிக்கோலாஸ் என்ற அந்தப் பெயரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் நாம்

இந்தியாவிலிருந்து ஜான் எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்று இத்தாலிய மொழியில் மிஞ்சியிருக்கிறது. படிக்கச் சுவையானது. பருவக்காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வீசுகிறது என்று எழுதுகிறார். இஞ்சி, மிளகு, பட்டை பற்றி எழுதுகிறார். மாட்டை மக்கள் புனிதமாக எண்ணி இறைச்சியை உண்பதில்லை, பாலை மட்டும் குடிக்கிறார்கள் என்கிறார். இறந்தவரை எரிப்பதையும், மேளதாளத்தோடு கொண்டுபோவதையும் குறிக்கிறார். கடலோரத்தில் இஸ்லாமியருக்குச் செல்வாக்கு அதிகம், உள்நாட்டில் குறைவு என்கிறார். கிறிஸ்தவர்களும் யூதர்களும் மிகச் சிலர்தான், அவர்களுக்குச் செல்வாக்கும் இல்லை என்கிறார். இதெல்லாம் கண் திறந்து பார்த்த மனிதரின் எழுத்து.

ஆனால் நம் மக்களின் பக்தியைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு வந்தால் வருத்தமாக இருக்கிறது. இவர்களுக்குப் பாவம் என்ற உணர்வே இல்லை என்கிறார். புத்தகங்கள் இல்லை, எழுத்து உண்டு, ஆனால் அது கணக்கு எழுதவும் சாமிக்கு மந்திரம் எழுதவும்தான், அதையும் பனையோலை போன்ற இலையில் எழுதுகிறார்கள் என்கிறார். கோயிலில் எல்லோரும் ஒன்றாகக் கூடும் வேளை என்று எதுவும் இல்லை, அவரவர் நினைத்த நேரத்தில் போய்க் கும்பிடுகிறார்கள் என்கிறார். விழாவும் விரதமும் அடிக்கடி உண்டு, ஆனால் வாரத்திலோ மாதத்திலோ குறித்த நாள் கிடையாது என்கிறார்.

மடத்தில் எட்டு வேளை மணி அடித்து வளர்ந்தவருக்கு, மணி பார்க்காமல் கோயிலுக்குப் போகும் கூட்டம் ஒழுங்கற்றதாகத் தெரிந்திருக்கிறது.

அவர் பார்க்காமல் விட்டவை

எந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு 600 ஆண்டுகளுக்கு முன், அதே மயிலாப்பூரில், திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடினார். இறந்துபோன வணிகர் மகள் பூம்பாவையை அழைத்து, ஊரில் நடக்கும் விழாக்களைக் காணாமலா போனாய் என்று கேட்பது போன்ற பாட்டு. அதில் என்ன வருகிறது? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். மாதம் மாதமாக, நட்சத்திரத்தோடு வருகிறது. குறித்த நாள் இல்லை என்று துறவி எழுதிய ஊரின் விழா நாட்காட்டியே அந்தப் பதிகம்தான். நம் நாள் நட்சத்திரக் கணக்கில் வருவது. அவருடைய ஏழு நாள் வாரத்தில் தேடினால் அகப்படாது.

புத்தகம் இல்லை என்றாரே. ஓலையைப் பார்த்தவர் ஓலைக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட மட்டும் இராசராசன் 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்த ஒரு பள்ளியையும் 15 படுக்கை கொண்ட மருத்துவமனையையும் பற்றிப் பேசுகிறது. ஜான் வருவதற்கு 200 ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் எழுதினார். குயவரும் வண்ணாரும் வேடரும் மீனவரும் அதில் நாயன்மார்கள். படிக்காத மக்களுக்குப் பக்தியைக் கதையாகச் சொல்வது என்ற அதே காரியத்தை இங்கே தமிழில் செய்துகொண்டிருந்தார்கள். மாமல்லபுரம் என்ற கடல்மல்லை, பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்பது வைணவ மரபு. அவர் பாட்டும் தமிழ்தான்.

பெரிய புராணத்தில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், வாயிலார் நாயனார். அவர் செய்த தொண்டு என்ன? மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, விளக்கேற்றி, நீராட்டி, பேசாமல் பூசை செய்தார். அவ்வளவுதான். அப்படி ஒரு மனிதர் மயிலாப்பூர்த் தெருவில் எதிரே நடந்து வந்திருந்தால், பக்தியே இல்லாத ஆள் என்றுதான் வெளியூர்க்காரர் எழுதியிருப்பார்.

துறவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு நம் மொழி தெரியாது. கோயிலின் உள் மண்டபங்கள் அவருக்குத் திறந்திருக்காது. கூட வந்த துணையைப் பறிகொடுத்திருக்கிறார். நம் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்து யாராவது எழுதியிருந்தால், அதுவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்: மாடு தின்னும் ஆள், நீறு பூசாத நெற்றி, வேளைக்கு வேளை ஏதோ முணுமுணுக்கிறார்.

ஒரு பிடிச் செம்மண்

அதே 1290-களின் தொடக்கத்தில் இந்தக் கரையைத் தொட்ட இன்னொருவர் மார்க்கோ போலோ. அவர் வணிகர், துறவி அல்லர். அதனால்தானோ என்னவோ, சாதாரண ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறார். தோமையாரின் கல்லறை ஒரு சின்ன ஊரில் இருக்கிறது, வணிகர்கள் அதிகம் வருவதில்லை, ஆனால் கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியரும் யாத்திரையாக வருகிறார்கள் என்கிறார். இஸ்லாமியரும் அவரைப் பெரிய மகானாக மதித்தார்களாம். வருகிறவர்கள் அங்கிருந்து கொஞ்சம் செம்மண் எடுத்துப் போவார்கள். காய்ச்சல் கண்டவருக்கு அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்ட கிறிஸ்தவர்கள் தென்னை மரங்களை வைத்துப் பிழைத்தார்கள், மரத்துக்கு வரியும் கட்டினார்கள் என்றும் குறிக்கிறார்.

திருநீற்றை நாக்கில் வைப்பதும், தர்காவில் ஓதிய தண்ணீரை வாங்கிப் போவதும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் எந்த வாசலுக்கும் போவாள்.

சுமார் முப்பது ஆண்டு கழித்து ஓதோரிக்கோ என்ற இன்னொரு பிரான்சிஸ்கன் துறவி இங்கே வந்தார். தோமையார் கோயில் முழுக்கச் சிலைகள், பக்கத்தில் கிழக்கத்திய சபைக் கிறிஸ்தவர்களின் வீடுகள் 15, அவ்வளவுதான் என்று எழுதினார். அந்த 15 வீட்டாரையும் கடுமையாகத் திட்டியிருக்கிறார். சக கிறிஸ்தவர்கள்தான், சபை வேறு என்பதே குற்றம். ஜான் ஞானஸ்நானம் கொடுத்த 100 பேரைப் பற்றி அவர் குறிப்பில் பேச்சே இல்லை.

பதின்மூன்று ஆண்டு கழித்து

ஜானின் கதை இங்கே முடியவில்லை. சீனத்துத் தலைநகர் கான்பாலிக்கிலிருந்து, அதாவது இன்றைய பெய்ஜிங்கிலிருந்து, 1305 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அதை இந்தியக் கடிதத்தோடு சேர்த்துப் படித்தால் வேறு மனிதரைப் போலத் தெரிகிறார். பல ஆண்டுகளாகத் தனியாக இருந்திருக்கிறார். வயது 58-தான், ஆனால் உழைப்பில் தலை நரைத்துக் கிழவனாகிவிட்டேன் என்கிறார். அங்கே வழங்கிய தாத்தாரியர் மொழியையும் எழுத்தையும் கற்றுக்கொண்டு, புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் அதில் மொழிபெயர்த்திருக்கிறார். மணிக்கூண்டு கட்டி மூன்று மணிகள் வைத்திருக்கிறார். 7 முதல் 11 வயது வரையான சிறுவர்கள் 40 பேருக்கு எழுத்தும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவர்களை விலை கொடுத்து வாங்கியதாக அவரே எழுதுகிறார். அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கடிதத்தில் இன்னொரு செய்தி. எழுத்தறியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேதாகமக் கதைகளை ஆறு படங்களாக வரையச் செய்து, கீழே இலத்தீன், பாரசீகம் உட்பட மூன்று மொழிகளில் விளக்கம் எழுதினார். கிரேச்சோவில் பிரான்சிஸ் மாட்டைக் கொண்டு வந்து நிறுத்தினாரே, அதே வழி. எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது. நம் கரையில் இருந்த 13 மாதத்தில் அதற்கான மொழி அவர் கையில் இல்லை. இருந்திருந்தால், கபாலீசுவரர் கோயில் ஓதுவார் ஒருவரிடம் அவர் என்ன கேட்டிருப்பார், என்ன எழுதியிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

என்ன மிஞ்சியது?

அந்த 100 பேரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நூற்றாண்டுத் துறவிகள் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த சின்னச் சின்னப் பழக்கங்கள், பின்னாளில் போர்த்துக்கீசியர் வழியாகவும் மற்றவர் வழியாகவும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. இன்னும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் நீங்களே பார்க்கலாம்.

மயிலாப்பூர் லஸ் கோயிலைப் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கட்டியதாக அங்குள்ள கல் சொல்கிறது. அதில் காணும் ஆண்டு 1516. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு, அதனால் “காட்டுக் கோயில்” என்ற பெயர் இன்றும் உண்டு. பரங்கிமலைப் படிக்கட்டை 1726-இல் கட்டிக்கொடுத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செபித்தபடி அந்தப் படிகளில் ஏறுபவர்களைக் காணலாம். சிலுவைப்பாதை பக்தியை உலகெங்கும் கொண்டுபோனவர்கள் எருசலேமில் புனித இடங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவிகள். இன்று பரங்கிமலைத் திருத்தலம் 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

கோவளத்துக்கு வாருங்கள். கடலோரத்தில் கார்மேல் மாதா கோயில். கார்மேல் என்பது பாலஸ்தீனத்தில் ஒரு மலை. அங்கே குகைகளில் தவமிருந்தவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், பிச்சை ஏற்று ஊருக்குள் வாழும் துறவிகளானார்கள். தோளில் போடும் பழுப்புத் துணி அவர்கள் உடுப்பின் பகுதி. அதன் சின்ன வடிவம்தான் சாதாரண மக்கள் கழுத்தில் அணியும் உத்தரியம். மீனவர் கழுத்தில் அதைப் பார்த்தால், அது ஏறிவந்த தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் இஸ்லாமியர் அல்லர்.

கடைசியாக அந்தோணியார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இவர் பெயர் இல்லாத மீனவ ஊர் குறைவு. கச்சத்தீவுக் கோயில் இவருடையதுதான். இவரும் பிரான்சிஸ்கன் துறவி, லிஸ்பனில் பிறந்தவர், 1231 ஜூன் 13-இல் பதுவை நகருக்கருகே இறந்தார். அந்த ஆண்டுத் தவக்காலம் முழுக்கப் பதுவையில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். அதே மார்ச்சில் அந்நகரம் ஒரு சட்டம் போட்டது: கடனைக் கட்ட முடியாதவர் தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தோணியார் கேட்டுக்கொண்டதால் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வட்டிக்கு வாங்கி நொடித்த குடும்பங்களுக்கு அதுதான் பிரசங்கம். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால்தான் அந்தோணியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமை கூட்டம்.

எங்கள் தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நெற்றியில் எப்போதும் பளிச்சென்று திருநீறு. பிரதோஷம் தவறாது. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மார்க்கெட்டுக்குப் போகிறார் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். குடில் விவகாரம் நடந்த வாரத்தில்தான் லிஃப்டில் கேட்டேன். பையில் மெழுகுவர்த்தி இருந்தது.

“பாட்டி, நீங்க எப்படி அந்தோணியார் கோயிலுக்கு?”

“நேர்ந்துக்கிட்டேன் தம்பி, சின்னவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. பொழச்சு வந்துட்டான். போகாம இருக்க முடியுமா?”

எட்டு வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஜான் 13 மாதம்தான் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அன்று முதல் தோன்றுகிறது. குழுவில் அந்த வாரம் நானும் ஒரு வரி எழுதியிருந்தேன், யார் எதை எப்படிக் கும்பிடுகிறார்கள் என்பது பற்றி எல்லாம் தெரிந்தவன் போல. மறுநாளே அதை நீக்கினேன். படித்தவர்கள் மன்னிக்கவும்.

இந்த டிசம்பரிலும் குடில் வைப்போம் என்று நம்புகிறேன். கொலுவுக்கு மேசை தூக்கிய அதே கைகள் வைக்கோலும் தூக்கட்டும். பி பிளாக் சிறுமிக்கு மாடு எதற்கு என்று இப்போது சொல்ல முடியும். அதற்குள் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் வேண்டுதல்களைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கோயில், எந்தக் கிழமை, எதற்காக என்று நாலு வரி எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். பெயர் வேண்டாம். அடுத்த இதழில் தொகுத்துப் போடுகிறேன்.